சொல்லிவிட்டுப் போவது

நம் வீடுகளில் குழந்தைகளிடம் சொல்லும் பொய், பொய்க் கணக்கில் சேர்வதில்லை. ஊசி போடக் கூட்டிப் போகையில் “கடைக்குப் போயிட்டு வரலாம் வா” என்போம். பள்ளிக்கூடத்தின் முதல் நாளில் “அம்மா இங்க வாசல்லயேதான் நிப்பேன்” என்று சொல்லிவிட்டு, குழந்தை அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவிவிடுவோம். வெளியூர் போகும் அப்பா, பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவார். எல்லாம் அன்பினால்தான், அழுகிற முகத்தைப் பார்க்க நமக்குத் தாங்காது. பெரும்பாலான குழந்தைகளும் இந்தப் பொய்களுக்குள் வாழப் பழகிக்கொள்கிறார்கள். “இதோ வந்துடறேன்” என்றால் பொழுது சாய்ந்துவிடும் என்று நாலு வயதிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இது எளிதல்ல. முகக்குறிப்பையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் வைத்து, சொல்லாமல் விட்டதை ஊகிப்பது அவர்களுக்குக் கடினம். சொன்ன சொல்லைத்தான் பற்றிக்கொள்கிறார்கள். அது பொய்த்துவிட்டால் அன்றைய நாள் முழுவதும் கலைந்துபோகிறது. தரையில் விழுந்து அலறும் பிள்ளையைப் பார்த்துப் பேருந்து நிலையத்தில் நாலு பேர் “என்னா பிடிவாதம்” என்பார்கள். பால்டிமோரில் குழந்தை மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அன்றாடச் செயல்களின் வரிசை மாறினாலோ, வீட்டில் நாற்காலி மேசைகள் இடம் மாறினாலோ அக்குழந்தைகள் நிலைகுலைந்து போனார்கள் என்று. எல்லாம் அப்படியே இருக்கவேண்டும் என்ற அந்தத் தவிப்பை ஆட்டிசத்தின் மையத்திலேயே அவர் வைத்தார். உலகம் அடிக்கடி வாக்குத் தவறுகிற இடமாக இருக்கும்போது, தவறாத சிலவற்றை இறுகப் பிடித்துக்கொள்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அப்படிப்பட்ட எங்கள் பிள்ளையைத்தான், தெரியாத மலையில் தெரியாதவர்களோடு சில இரவுகள் தங்கிவரக் கோடை முகாமுக்கு அனுப்பத் துணிந்தோம். ஆசை என்னுடையது அல்ல. அக்காள் பிள்ளைகள் முந்தைய கோடையில் போய்வந்த முகாமின் படங்கள் அக்காவின் செல்பேசியில் இருந்தன. என் மகன் அவற்றில் ஒரே ஒரு படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான்: மர நிழலில் நீல நிறக் கூடாரம். அவனுக்குப் பேச்சு குறைவு. வேண்டியதைக் காட்டுவான், இரண்டு சொல் சேர்ப்பான். “டெண்ட் தூங்கணும்” என்றான். வீட்டைத் தவிர வேறெங்கும் படுக்க ஒப்பாத பிள்ளை தானாகச் சொன்னது அது.

மாமியார், “ஏம்மா, பக்கத்துலயே வெச்சுக்கக் கூடாதா? யாருக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அவனுடைய தூக்கமும் சோறும் வலியும் என்னவென்று அறிந்தவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர்தான். ஆனால் சிறப்புப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் எதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள்: “நமக்குப் பின்னாடி யாரு?” மூன்று பேர் மட்டுமே அறிந்த பிள்ளையை நான்காவது ஆள் அறிய வேண்டுமென்றால், என்றாவது அவனை அந்த ஆளோடு விட்டாக வேண்டும். அதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

முகாம் தேடினோம். ஓரிடத்தில் ஆட்டிசம் என்றதும் தொலைபேசியின் மறுமுனையில் குரல் இறங்கியது: “மத்த பேரண்ட்ஸ் எதாவது சொல்வாங்க மேடம்.” இன்னோரிடத்தில், நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே, “அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார்கள். மறுத்தவரைவிட இவரிடம்தான் எனக்குப் பயம் வந்தது. ஏற்காட்டில் முகாம் நடத்திய மூன்றாமவர், “எதுக்குப் பயப்படுவான்? பயந்தா என்ன செய்வான்? அப்ப நீங்க என்ன செய்வீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் முன்பு இப்படியொரு பிள்ளையைப் பார்த்ததே இல்லையாம். அதையும் ஒளிக்காமல் சொன்னார். அங்கேதான் அனுப்புவது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

உண்மை இரு பக்கமும் தேவைப்படுகிறது. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் “கொஞ்சம் துறுதுறுன்னு இருப்பான், அவ்ளோதான்” என்று சொல்லிச் சேர்த்துவிடும் பெற்றோரை அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனை கதவுகள் மூடியபின் அந்தச் சொல் வாயில் வந்திருக்கும்! ஆனாலும் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைதான். 2012இல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள 1,218 குழந்தைகளில் 49 விழுக்காட்டினர் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையேனும் பெரியவர்களின் கண்பார்வையை விட்டு ஓடிப்போக முயன்றிருந்தார்கள். அப்படி ஓடும் குழந்தைகளுக்குத் தண்ணீர் பெரிய ஆபத்து. என் மகனும் தண்ணீரைக் கண்டால் ஓடுவான். ‘துறுதுறு’ என்று மட்டும் கேள்விப்பட்ட ஒரு கல்லூரி மாணவர், கிணற்றடியில் அவனை விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

ஆகவே முகாமுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். மருத்துவ அறிக்கை நடையில் எழுதவில்லை. அவனோடு நாள் முழுக்க இருக்கப்போகும் இளைஞனுக்குச் சொல்வதுபோல எழுதினேன். தண்ணீரைப் பற்றி முதல் வரியில். வயிறு வலித்தால் வயிற்றைக் காட்டமாட்டான், காதைப் பொத்திக்கொள்வான். சோற்றில் குழம்பு பட்டால் தட்டைத் தள்ளுவான்; குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். விசில் ஊதும் முன் அவனிடம் சொல்லிவிட்டு ஊதுங்கள். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ரயில் நிலைய அறிவிப்பைச் சொல்லத் தொடங்கினால், விளையாடுகிறான் என்று சிரிக்காதீர்கள். அவனுக்கு அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்று பொருள். கேட்ட வாக்கியங்களை அப்படியே திரும்பச் சொல்வது அர்த்தமற்ற பழக்கம் என்று முன்பு நினைத்தார்கள். அதற்குள் வேண்டுகோளும் மறுப்பும் இருக்கின்றன என்பதை பாரி பிரிசன்ட் போன்றவர்கள் 1980களிலேயே காட்டிவிட்டார்கள். தாய்மாருக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அவனுக்கு வேண்டியது வேறு வகையான தயாரிப்பு. முகாமின் விளம்பரத் தாளில் பள்ளத்தாக்கும் பூவும் தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவை எதுவும் எங்களுக்கு உதவவில்லை. கழிப்பறை எப்படி இருக்கும்? இந்தியக் கழிப்பறையா, வெஸ்டர்னா? தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா, கீழேயா? வாளி என்ன நிறம்? சாப்பாடு தட்டிலா, இலையிலா? படுக்கையருகே மின்விசிறி சத்தம் போடுமா? ஆட்டிசம் உள்ளவரின் மனம் தடுக்கி விழும் இடங்கள் இவைதான். பெரும்பாலான முகாம்கள் படமே எடுக்காத இடங்களும் இவைதான். முகாமிலிருந்த இளைஞர் ஒருவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் செல்பேசியில் எடுத்து அனுப்பினார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கூட. கடைசியில் தன் படத்தையும் சேர்த்து, “இது நான், அவனோட இருக்கப்போற அண்ணன்” என்று எழுதியிருந்தார்.

படங்களைக் காட்டி ஒரு நாளை முன்கூட்டியே பிள்ளையின் கையில் கொடுக்கும் இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. எரிக் ஷாப்லரும் உடனிருந்தவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக உருவாக்கிய ‘டீச்’ திட்டத்தை 1972இல் வட கரோலினா அரசு மாநிலம் தழுவிய சேவையாக்கியது. பேச்சைவிடப் படம் இவர்களுக்கு நிலையானது, சொன்னது காற்றில் போகும், வரைந்தது கண்முன் நிற்கும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதே ஆண்டில் அதே மாநிலத்தில்தான், பெற்றோர் கூடி அமைத்த ஆட்டிசம் சங்கத்தின் கோடை முகாமும் தொடங்கியது. கேம்ப் ராயல் என்று இன்று அதற்குப் பெயர். தேவைக்கேற்ப ஒரு பிள்ளைக்கு ஒருவர் அல்லது இரண்டு பிள்ளைகளுக்கு ஒருவர் எனத் துணையாட்களை வைத்து அரை நூற்றாண்டாக நடத்திவருகிறார்கள்.

மிச்சிகனில் ஆசிரியையாக இருந்த கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சோஷியல் ஸ்டோரி’ என்ற சிறு கதை வடிவம் எனக்கு மிகவும் கைகொடுத்தது. குழந்தை சந்திக்கப்போகும் ஒரு சூழலை, அங்கே யார் இருப்பார்கள், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று அதன் பார்வையிலிருந்தே எழுதுவது. ‘இப்படிச் செய், அப்படிச் செய்யாதே’ என்பது மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், விவரிப்பதுதான் அதிகம். ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’ போன்ற சொற்களைப் பயன்படுத்தச் சொல்கிறார் கிரே. ‘காலையில் இட்லி கொடுப்பார்கள்’ என்று எழுதி, அங்கே உப்புமா கொடுத்தால் கதை பொய்யாகிவிடும். ‘காலையில் பெரும்பாலும் இட்லி. சில சமயம் வேறு ஏதாவது’ என்று எழுதினால் உப்புமாவுக்கும் அதில் இடம் இருக்கிறது. நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே சொல்லிவிடுவது. பிள்ளையிடம் நேர்மையாக இருக்க இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

‘இரவில் அம்மா அங்கே இருக்க மாட்டாள். அண்ணன் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்.’

அவனுக்கான கதையில் இந்த இரண்டு வரிகளை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. “அத மட்டும் விட்டுடேன், அங்க போனா அவனுக்கே தெரிஞ்சிடும்” என்றார் கணவர். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற அப்பாக்களின் வழியில் வந்தவர். நான் எழுதினேன். மகன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி நெடுநேரம் இருந்தான். அடுத்த பக்கத்துக்குப் போவான், திரும்பி வருவான். பல நாள் இப்படி. பிறகு ஒரு மாலை நாட்காட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, “ஞாயிறு?” என்றான். “ஞாயிறு காலைல பதினோரு மணி. அம்மா, அப்பா, நம்ம கார்” என்றேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதச் சொன்னான். எழுதியதும் எழுந்து போய்விட்டான். பிரிவைவிட, முடிவு தெரியாத பிரிவுதான் அவனை அச்சுறுத்தியிருக்கிறது.

ஒத்திகைகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அண்ணன்களோடு படுத்தது, வாளித் தண்ணீரில் தானே குளித்தது, துவைக்காத தலையணை உறையைப் பெட்டியில் வைத்தது, புதுச் சட்டைகளின் பின்கழுத்துப் பட்டையை வெட்டியது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் எவரும் இதில் என்னைவிடத் தேர்ந்தவர்கள்.

அவன் பையில் ஒரு அட்டை வைத்தோம். எங்கள் வீட்டுப் படம், கீழே ‘வீட்டுக்குப் போகணும்’. அதைக் காட்டினால் உடனே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், நாங்கள் உடனே கிளம்பி வருவோம் என்பது ஏற்பாடு. அதற்காகவே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டோம். முகாம் நடத்துபவர் தயங்கினார்: “இதக் கையில குடுத்தா மொத நாளே காட்டிடுவான் மேடம்.” காட்டட்டும் என்றேன். போக வழியில்லாத இடத்தில் ஒருவன் இருப்பதற்குத் தங்குதல் என்று பெயர் இல்லை.

டெம்பிள் கிராண்டின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. பின்னாளில் கால்நடை அறிவியலாளராகப் புகழ்பெற்றவர், ஆட்டிசம் உள்ளவர். பதின்பருவத்தில் அரிசோனாவில் இருந்த அத்தையின் மாட்டுப்பண்ணையில் கோடையைக் கழிக்கச் சொன்னபோது மிகவும் பயந்தார். குறைந்த நாட்கள் இருந்துவிட்டு வருகிறாயா, கோடை முழுவதும் இருக்கிறாயா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார் தாய். போகாமலிருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. போனவருக்குப் பண்ணை பிடித்துப்போனது. மாடுகளை அசையாமல் பிடித்துவைக்கும் கருவிக்குள் தானே புகுந்து பார்த்து, அந்த அழுத்தத்தில் தன் பதற்றம் அடங்குவதைக் கண்டார். பின்பு தனக்கென ஒன்றைச் செய்துகொண்டார். கோடையில் வீட்டை விட்டுப் போனதால் ஒரு வாழ்க்கைக்கு வழி திறந்தது என்று எல்லோரும் சொல்லும் கதை இது. அந்தத் தாயிடம் எனக்குப் பிடித்தது, ஏமாற்றாமல் முகத்துக்கு நேராகச் சொன்னது. ஆனால் ‘போகாமலும் இருக்கலாம்’ என்ற மூன்றாவது வழியையும் என் மகனுக்கு வைக்கவே விரும்பினேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. படத்தொகுப்பில் அதையும் சேர்த்திருந்தோம்; மலையேறும் நேரம் முழுவதும் ஒவ்வொரு எண்ணாக வாசித்துக்கொண்டே வந்தான். வாசலில் அண்ணனைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். “அம்மா போறேன். ஞாயிறு பதினொண்ணு” என்றேன். அவன் அழுதான். அவன் பார்க்கும்படியே காரில் ஏறிக் கிளம்பினோம்.

இரண்டாம் நாள் மாலை அழைப்பு வந்தது. தீமூட்டல் நிகழ்ச்சிக்கு மேளம் அடித்திருக்கிறார்கள். அது கதையில் இல்லாத மேளம். அட்டையைக் காட்டியிருக்கிறான். உடனே கிளம்பினோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செருப்பு மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான், அண்ணனும் பக்கத்தில். அவன் நீலக் கூடாரத்துக்குள் ஓர் இரவு தூங்கியிருந்தான் என்று அண்ணன் சொன்னார். கயிற்றில் ஏறவில்லை, வண்ணம் தீட்டவில்லை, யாரோடும் சேர்ந்து விளையாடவில்லை. தொட்டி நிரம்பி வழியும் இடத்தில், அண்ணன் துணையோடு, நெடுநேரம் நின்றிருக்கிறான்.

“பாத்தியா, பாதியில கூட்டிட்டு வந்துட்டீங்க” என்றார்கள் உறவில் சிலர். பாதி என்பது அவர்கள் கணக்கு. கூடாரத்தில் தூங்கவேண்டும் என்றான், தூங்கினான். போகவேண்டும் என்று கேட்டான், வந்தோம். தாய் இல்லாத இடத்தில் அவன் கேட்டதைப் புரிந்துகொண்டு ஒரு புது மனிதர் நடந்துகொண்டார். என் பார்வையில் அந்த முகாம் முழுமையாகவே நடந்து முடிந்தது. அதனால் அவனுக்குள் என்ன மாறியது என்று நான் சொல்லமாட்டேன். அவன் சொல்லவில்லை, அவனுக்காக நான் இட்டுக்கட்டுவது சரியல்ல.

ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே கூடித் தங்கும் முகாம் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால், ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் அமெரிக்காவில் 1996இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய ஆட்ரீட்டைப் பற்றிப் படிக்கலாம். அங்கே வண்ண அட்டைகளை அணிந்துகொண்டார்கள்: சிவப்பு என்றால் என்னிடம் யாரும் பேசவேண்டாம், மஞ்சள் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். யாரும் யாரையும் முகம் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அட்டையே சொல்லிவிட்டது. எந்த முகாமும் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு இது.

முகாமுக்குக் கட்டப் பணம் இல்லாத வீடுகளே நம் நாட்டில் அதிகம். அவர்களுக்கும் பாட்டி ஊர் உண்டு, உறவுக்காரத் திருமணம் உண்டு, அரசு மருத்துவமனை வார்டில் தங்கவேண்டிய இரவு உண்டு. ஒரு பழைய நோட்டும் பென்சிலும் இருந்தால் அந்த நாளை வரைந்து காட்டிவிடலாம்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை; 2016இன் சட்டம் அறிவித்த 21 வகைகளில் அது இருக்கிறது. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளுக்குச் சமமான இடத்தை உறுதிசெய்யச் சொல்கிறது. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் தொலைபேசியை எடுக்கும் அந்த ஒருவரின் குரலில்தான் ஒரு பிள்ளையின் கோடை இருக்கிறது.

கோடை முகாம் நடத்துபவர்களே, இந்த ஆண்டு உங்கள் விண்ணப்பத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள்: உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படுவான், பயந்தால் என்ன செய்வான், அப்போது நாங்கள் என்ன செய்யவேண்டும். உங்களால் முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். பெற்றோர் அதைத் தாங்கிக்கொள்வார்கள். முடியுமென்றால், மேளம் எந்த நாளில் எத்தனை மணிக்கு என்று முன்னதாகவே எழுதி அனுப்புங்கள். பள்ளத்தாக்கின் படத்தோடு கழிப்பறையின் படத்தையும் அனுப்புங்கள்.